மேலே இருக்கும் டிஸ்க்கை முதலில் போடவும்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளின் கணவர் கண்ணாடி போடமாட்டார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் மூக்கிலெல்லாம் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்து, "இப்ப தெரியுதா?" என்று நாளெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கை எட்டுகிற மட்டும் நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பார். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாமே என்று அவருக்கே தோன்றியிருக்கும். ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார். அவருக்கென்று நானே ஒரு ஜோடி செய்து கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அது உறைகூடப் பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.

வாயைத் திறக்காதது கண்ணாடி விஷயத்தில் மட்டுமல்ல. அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடும் கிரீஸோடும் குடும்பம் நடத்திவிட்டு வருகிறவர். வீட்டில் அவர் பேச்சு "சாப்பாடு ரெடியா?" என்று தொடங்கி "லைட்டை அணைச்சிடு" என்று முடியும். நடுவில் ஒன்றும் இருக்காது.

கல்யாணமான புதிதில் என் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது ஒரு பாட்டுப் பாடினார். நல்ல குரல். பாதியில் ஒரு வரி மறந்துவிட்டது. யாரோ ஒரு சித்தப்பா களுக்கென்று சிரித்தார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. ஒருமுறை தலைகுனிவு வந்துவிட்டால் அந்தத் திசைக்கே பெரிய கும்பிடு போட்டுவிடுகிற ரகம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிப்பட்ட மனிதரைப் பேசவைத்தவன் என் தம்பி. எங்கள் தெருமுனையில் டிவிடி வாடகைக் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்கள் எந்தப் பெட்டியை எடுத்துக் காட்டி "இது எப்படிப்பா?" என்று கேட்டாலும் "சூப்பர்" என்பான். ஊரே அவனை 'சூப்பர்' என்றுதான் கூப்பிடும். ஒருநாள் ஒரு பேய்ப் படத்தைச் சூப்பர் என்று சொல்லி மேல்வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டான். அவர் பயந்துபோய் மறுநாள் கடைக்கு வந்து அவனைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், படத்தைப் பார்த்தார், கையகல அட்டையில் ஏதோ எழுதிப் பெட்டிக்குள் செருகினார்.

"பேய் ஒரே ஒரு தடவைதான் வரும், சமையலறைக் காட்சியில். அந்த நேரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், மற்றபடி நல்ல குடும்பப் படம்."

அவ்வளவுதான். அந்தப் படம் பறக்க ஆரம்பித்தது.

அதன்பிறகு அட்டை இல்லாத பெட்டியை யாரும் தொடுவதில்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று அவர் அட்டையில் ஒரு வார்த்தை இருக்காது. "நாய்க்கு ஒன்றும் ஆகாது, தைரியமாகப் பார்க்கலாம்" என்று இருக்கும். "மாமியாரோடு பார்ப்பவர்கள் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கவும்" என்று இருக்கும். "பேசும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், சண்டை வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்" என்று இருக்கும்.

"அதென்ன, நடிப்பைப் பத்தி ஒண்ணுமே எழுத மாட்டேங்கிறீங்க?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"படம் பாக்கிறவன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் மாதிரி. எவ்வளவு நேரம் ஆகும், உள்ள இருக்கிற யாருக்காவது ஏதாவது ஆகுமா, இதைத்தான் கேப்பான். லிஃப்டுக்கு என்ன கலர் அடிச்சிருக்குன்னா கேப்பான்?"

எனக்குத் தெரிந்து அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் அசந்துபோய்விட்டேன். அட்டை எழுதி முடித்ததும் முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவார், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு. நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். சிரித்தால் காது மடல் சிவக்கும். இத்தனை வருஷம் கழித்து என் புருஷனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அந்த அட்டைகளால்தான். அவற்றின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த சைக்கிள் படம் வந்தது.

யாரோ ஒரு புது டைரக்டர் எடுத்த அப்பா மகன் கதை. ஒரு காட்சியைக்கூட வெட்டமாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால் படம் ஒரு டிஸ்க்கில் அடங்காமல் இரண்டாகப் போயிருந்தது. தியேட்டரில் வந்த சுவடு தெரியாமல் போன படம். இரண்டு டிஸ்க்கின் மேலும் அச்சடித்திருந்தது ஒரே சைக்கிளின் படம். எது முதல், எது இரண்டாவது என்பது நடு ஓட்டைக்குப் பக்கத்தில் எறும்பு கடித்த அளவு எண்ணில் போட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் எழுதிய அட்டை இதோ:

"அப்பா மகன் கதை. நீளம் அதிகம், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளவும். மேலே இருக்கும் டிஸ்க்கை முதலில் போடவும். பெயர்கூடப் போடாமல் நேராக ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கிறார்கள். அப்பா செத்துப்போகிறார், மகன் சைக்கிளை விற்றுவிடுகிறான். அழுகையெல்லாம் இந்த டிஸ்க்கிலேயே முடிந்துவிடும். நடுவிலேயே எல்லோருக்கும் நன்றி சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் சொன்னால் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அடுத்த டிஸ்க்கில்தான் படத்தின் பெயரே வரும். செத்துப்போன அப்பா திரும்பி வருகிறார், பேயாக இல்லை, சும்மா அப்பாவாக. கடைசியில் சைக்கிளுக்குக் காற்றடித்து, 'இதோ வந்துடறேன்' என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பிறகு 'அடுத்த டிஸ்க்கைப் போடவும்' என்று திரையில் வரும். அடுத்த டிஸ்க் கிடையாது. வாழ்க்கை தொடரும் என்று அர்த்தம். நிம்மதியாகத் தூங்கலாம்."

படித்துக் காட்டியபோது நான் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. டைரக்டர் பெரிய ஆள் என்று நினைத்தேன்.

படம் கடையில் நிற்கவே இல்லை. ஒரு வீட்டிலிருந்து வந்தால் அடுத்த வீடு காத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருப் பல் டாக்டர் இரண்டாவது தடவை எடுத்துப்போனார். மேல்வீட்டு டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "படம் முடிஞ்சதும் எங்கப்பாவோட பழைய போட்டோவை எடுத்துத் துடைச்சு வெச்சேன்" என்றார். எங்கள் முறை வருவதற்கே பல வாரம் ஆயிற்று. எழுதினவர் வீட்டுக்காரிதான், ஆனால் வரிசை வரிசைதான் என்று தம்பி சொல்லிவிட்டான்.

எனக்கு விடுமுறையான ஒரு நாள் மத்தியானம், அவர் வேலைக்குப் போயிருந்த சமயம், டிஸ்க்கை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் தொழில் புத்தியில் அதைத் திருப்பிப் பார்த்தேன். என் கண்ணில் கண்ணாடி இருந்தது. மேலே இருந்த டிஸ்க்கில் '2' என்று போட்டிருந்தது. கீழே இருந்ததில் '1'.

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அப்புறம் உறைத்தது. பெயர் போடாமல் ஆரம்பிக்கும் துணிச்சல். நடுவிலே நன்றி. வாழ்க்கை தொடரும் என்பதற்கு அர்த்தமான 'அடுத்த டிஸ்க்கைப் போடவும்'. சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தபோது, களுக்கென்று சிரித்த அந்தச் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இது வெளியே தெரிந்தால் பாட்டுக்கு நேர்ந்த கதிதான் அட்டைக்கும். மறுபடியும் "சாப்பாடு ரெடியா?"வுக்குத் திரும்ப எனக்குத் தெம்பில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். தம்பி அப்போதுதான் போனை வைத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"ஏன்டா, டிஸ்க்கை எப்படி அடுக்குற?"

"துடைச்சு துடைச்சு உள்ள வெப்பேன். முதல் டிஸ்க்கை முதல்ல துடைப்பேன், ரெண்டாவதை அடுத்து துடைச்சு அதுமேல வெப்பேன். ஏன்க்கா?"

நான் எண்ணைக் காட்டினேன். அவன் பார்த்தான். அட்டையை எடுத்து மறுபடி படித்தான். வாயைப் பொத்திக்கொண்டு கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, இப்ப போன்ல பேசுனது யாருன்னு நெனக்கிற? அந்த டைரக்டர். டிஸ்க் கம்பெனில இன்னும் ரெண்டு காப்பி வேணும்னு கேட்டிருந்தேன்ல, அதைக் கேள்விப்பட்டு அவரே பேசினாரு. எங்க மாமா எழுதினதுதான் காரணம்னு சொன்னேன். 'என் படத்தைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே மனுஷனைப் பாக்கணும்'னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வர்றாரு. பின்ரூம்ல நாற்காலி போட்டு எல்லாரும் சேர்ந்து படம் பாக்கிறதா ஏற்பாடு."

"யாரைக் கேட்டு ஏற்பாடு பண்ணின?"

"சூப்பரா இருக்குமேன்னு..."

அவன் காதைத் திருகியிருப்பேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார்.

வீட்டில் அவரிடம் தம்பியே செய்தியைச் சொன்னான். அவர் "ம்" என்றார். ஆனால் சட்டையை அவரே இஸ்திரி போட்டார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். சனிக்கிழமை என்னிடம் வந்து, "டைரக்டருங்க என்ன கேப்பாங்க?" என்றார். இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

சொல்வதற்குப் பதிலாகச் செய்தேன். கடைக்குப் போய் அந்த இரண்டு டிஸ்க்கையும் எடுத்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு எண்களை அழித்தேன். என் கத்தரிப்பூ நிற நகப்பூச்சால் '2' இருந்த இடத்தில் '1' என்றும், '1' இருந்த இடத்தில் '2' என்றும் எழுதினேன். அச்சடித்த மாதிரி இல்லைதான். ஆனால் பின்ரூமில் வெளிச்சம் குறைவு. டைரக்டர் கடை டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்க்கவா போகிறார்? படம் ஓட ஆரம்பித்ததும் அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற எண்ணம் எனக்கு வந்தது. கடைக்கார மடையன் எண்ணை மாற்றி எழுதித் தொலைத்துவிட்டான் என்று பழியைத் தம்பி தலையில் போட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். அவனும் சம்மதித்தான். வேறு வழி?

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது எனக்கு ஒரு ஆசை வந்தது.

"என்னங்க, விமர்சகர்னா ஒரு களை வேணாமா? இதைப் போட்டுக்குங்க." இழுப்பறையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

என்ன தோன்றியதோ, மறுக்கவில்லை. மாட்டிக்கொண்டார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இங்க ஒரு மச்சம் இருக்கு" என்றார். கல்யாணத்தன்றே இருந்த மச்சம். நான் உருகிப்போய்விட்டேன், அதனால் மூளை வேலை செய்யவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது கடைக்குப் போகிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பின்ரூம் நிறைந்திருந்தது. டீச்சர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். டைரக்டர் சின்ன வயசு, சவரம் செய்யாத முகம். என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தியேட்டர்ல பாதியிலேயே எழுந்து போனாங்க சார். நீங்க மட்டும் எப்படி சார் அதைப் புரிஞ்சுக்கிட்டீங்க?"

"லிஃப்ட் வேலை பாக்கிறேன்" என்றார் இவர். டைரக்டர் அதில் பெரிய தத்துவம் இருப்பதாக நினைத்துத் தலையாட்டினார்.

இவர் கடைப் பெட்டியைத் திறந்து டிஸ்க்குகளைக் கையில் எடுத்தார். அப்போது டைரக்டர் பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார். "கடை டிஸ்க் தேஞ்சிருக்கும் சார். இது புதுசு. நீங்களே போடுங்க."

ஒரு கையில் கடை டிஸ்க்குகள், ஒரு கையில் புதியவை. மூக்கில் கண்ணாடி. அவர் குனிந்து பார்த்தார். புது டிஸ்க்கின் எண்ணைப் பார்த்தார். கடை டிஸ்க்கின் எண்ணைப் பார்த்தார். விரல் நகத்தால் அதைச் சுரண்டினார், கத்தரிப்பூ நிறத் துகள் உதிர்ந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி என் கை விரல்களைப் பார்த்தார்.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எந்தத் திருடியும் அப்படித்தான் செய்வாள்.

"என்ன சார்?" என்றார் டைரக்டர்.

என் வீட்டுக்காரரின் காது மடல்கள் சிவந்தன. இதோ, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடக்கப்போகிறார், இனி ஒரு அட்டையும் இல்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தம்பி முன்னால் வந்து, "மாமா, அது வந்து, நான்தான் நம்பரை..." என்று மென்று விழுங்கினான்.

"நீ சும்மா இரு" என்றார் அவர். டைரக்டரைப் பார்த்தார். "தம்பி, நான் உங்க படத்தைத் தப்பாப் பாத்துட்டேன். ரெண்டாவதை முதல்ல போட்டுட்டேன். ஊரையும் அப்படியே பாக்க வெச்சிட்டேன்."

டைரக்டருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறியது. "அப்ப... எல்லாரும் தலைகீழாவா பாத்தாங்க?"

"எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர் முன்வரிசையிலிருந்து. "நம்பரைப் பாத்தேன். ஆனா கார்டுல மேல இருக்கிறதை முதல்ல போடணும்னு சார் எழுதியிருந்தாரே. அவர் சொன்னா காரணம் இருக்கும்னு போட்டேன்."

"எனக்கும் தெரியும்" என்றார் பல் டாக்டர். "அதனாலதான் சரியான வரிசையில ஒரு தடவை பாக்கலாம்னு திரும்ப எடுத்துட்டுப் போனேன். பாதியில நிறுத்திட்டேன்."

டைரக்டர் எழுந்து பையை எடுத்தார். "என் படம் இது இல்ல சார்."

"வாஸ்தவம்" என்றார் என் வீட்டுக்காரர். "ஒரே ஒரு தடவை எங்ககூட சேர்ந்து தப்பாப் பாத்துட்டுப் போங்க." அவர் பாட்டுக்கு இரண்டாவது டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டார்.

டைரக்டர் நின்றுகொண்டே இருந்தார். "தம்பி, உக்காருங்க, மறைக்குது" என்று டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தார், கோபமாக.

ஆஸ்பத்திரி வந்தது. அப்பா செத்துப்போனார். சைக்கிள் விலைபோனது. நடுவில் நன்றிகள் ஓடியபோது தம்பி எழுந்து டீ கொடுத்தான், இடைவேளை மாதிரி. பிறகு முதல் டிஸ்க். படத்தின் பெயர் வந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. டைரக்டர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்க மறந்துவிட்டார். மகன் அப்பாவிடம் எரிந்து விழுந்தபோது பின்னாலிருந்து யாரோ "பேசாத, பேசாத, அப்புறம் வருத்தப்படுவ" என்றார்கள். கடைசியில் அப்பா குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்தார். ஏறி உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்து, "இதோ வந்துடறேன்" என்றார். தெரு வளைவில் மறைந்தார்.

திரையில் எழுத்து வந்தது: அடுத்த டிஸ்க்கைப் போடவும்.

பழக்கதோஷத்தில் தம்பி டிஸ்க்கை மாற்ற எழுந்தான்.

"வேணாம்" என்றார் டைரக்டர். "போடாதீங்க. எங்கப்பா இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு. அவரு போனதைச் சொல்லணும்னுதான் இவ்வளவு நீளமா எடுத்தேன். அதைப் போட்டா மறுபடி போயிடுவாரு."

டீச்சர் தன் கைக்குட்டையை அவரிடம் கொடுத்தார், ஏற்கனவே நனைந்ததுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் வாய் திறக்கவில்லை. "என்னங்க, கோபமா?" என்று கேட்டேன். "இனிமே எழுதுவீங்கல்ல?" என்றேன். படியேறி, கதவைத் திறந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "சாப்பாடு ரெடியா?" என்றார்.

நான் சமையலறைக்குள் போய் அழுதேன். பொய் சொல்லி என்ன, நன்றாகவே அழுதேன்.

காலையில் எழுந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு அட்டை இருந்தது. படித்துக் காட்ட வெட்கப்பட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியின் உறை மட்டும் கிடந்தது.

"சைக்கிள் படத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்குத் திருத்தம். முன்பு எழுதிய அட்டையில் தவறு உள்ளது. இந்தப் படத்தை நான் பின்னாலிருந்து முன்னால் பார்த்துவிட்டேன். கண்ணாடி போடாததால் வந்த வினை. சரியான வரிசையில் பார்த்தால் அப்பா செத்துப்போவார். தவறான வரிசையில் பார்த்தால் சாயங்காலம் வந்துவிடுவார். டைரக்டரும் சம்மதித்துவிட்டார். ஆகவே, மேலே இருக்கும் டிஸ்க்கை முதலில் போடவும். புது டிஸ்க்குகளில் அச்சடித்த நம்பரைக் கண்டுகொள்ள வேண்டாம். கத்தரிப்பூ நிறத்தில் இருந்தால் மட்டும் நம்பலாம். அது என் மனைவி எழுதியது."